சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது? டிவி பழுதைப் படிக்கும் முறை

"அண்ணாச்சி, டிவி ஆன் ஆக மாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "முன்னாடி சிவப்பு லைட் எரியுதா, எரியலையா, மின்னுதா?" பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

விளக்கே இல்லை என்றால் செட்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் கிடைக்கவில்லை. பிளக், ஸ்டெபிலைசர், பவர் போர்டு என்று அந்தப் பக்கம் போக வேண்டும். விளக்கு நிலையாக எரிந்து, ரிமோட்டுக்கு அசையவில்லை என்றால் மதர்போர்டு, ரிமோட் சென்சார் பக்கம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னி, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி அதே எண்ணிக்கையில் மின்னினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செட் தானாகவே பழுது எந்தப் பக்கம் என்று சொல்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. மதர்போர்டில் இருக்கும் கண்ட்ரோலர், செட் ஆன் ஆகும்போதே பல இடங்களைச் சோதிக்கிறது. 12 வோல்ட் சரியாக வந்ததா, திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட்டின் டிரைவர் பதில் சொல்கிறதா, படத்தை ஒழுங்குபடுத்திப் பேனலுக்கு, அதாவது திரைக்கு, அனுப்பும் டி-கான் போர்டு பேசுகிறதா, உள்ளே சூடு அளவு மீறியதா என்று பார்க்கும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் மேற்கொண்டு எரிந்துபோகாமல் இருக்க செட்டை அணைத்துவிட்டு, எந்தச் சோதனையில் நின்றதோ அதன் எண்ணை விளக்கால் காட்டும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எரர் கோட் சொல்வது எந்தச் சோதனை தோற்றது என்பதை மட்டும்தான். எந்தப் பார்ட் போனது என்று அது சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஊரில் நல்ல போர்டுகள் எல்லாம் கழற்றி வீசப்படுகின்றன.

எண்ணுவதிலேயே நிறையப் பேர் தவறுகிறார்கள். நடுவில் இருந்து எண்ண ஆரம்பித்தால் 6 என்பது 4 ஆகிவிடும். நீண்ட இடைவெளி வரும்வரை காத்திருந்து, அடுத்த மின்னலை ஒன்று என்று வையுங்கள். மூன்று சுற்று எண்ணி மூன்றிலும் ஒரே எண் வந்தால்தான் அது எண். இல்லாவிட்டால் போனில் வீடியோ எடுத்து நிதானமாக ஓட்டிப் பாருங்கள். ரிமோட்டை அழுத்தும்போது ஒரே ஒரு முறை மின்னுவது எரர் இல்லை, சிக்னல் கிடைத்தது என்று அர்த்தம். சாஃப்ட்வேர் அப்டேட் ஓடும்போதும் சில செட்டுகளில் விளக்கு மின்னும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் நன்றாக இருந்த செட்டும் படுத்துவிடும்.

சர்வீஸ் மோடுக்குப் போகும் முன்னால்

செட்டோடு இணைந்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: கேபிள் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. வயர், பென் டிரைவ், சவுண்ட் பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கியதும் கேபிள் வயர் வழியாக எச்.டி.எம்.ஐ. போர்ட் அடிபட்டு, அதனால் செட்டே ஆன் ஆகாமல் நிற்பது எங்கள் பக்கம் சாதாரணம். வயரைக் கழற்றியதும் செட் உயிர் பெற்றால் பழுது வெளியில் இருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பிறகு பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டு, ஸ்டெபிலைசர் இல்லாமல் நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக மெனு நகர்வது தெரிந்தால் படம் வருகிறது, வெளிச்சம்தான் இல்லை. அது பேக்லைட் பழுது. டார்ச்சில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டி-கான், பேனல், மதர்போர்டு என்று வேறு வழியில் தேட வேண்டும்.

படத்தில்தான் கோளாறு என்றால் சாம்சங் செட்டுகளில் சப்போர்ட் மெனுவுக்குள் இருக்கும் செல்ஃப் டயக்னோசிஸில் பிக்சர் டெஸ்ட் ஓட்டுங்கள். அந்தச் சோதனைப் படம் செட்டுக்குள் இருந்தே வருவது. அதிலும் கோடு விழுந்தால் கோளாறு செட்டில். அது சுத்தமாக இருந்து கேபிளில் மட்டும் கோடு விழுந்தால் பாக்ஸையோ வயரையோ மாற்றினால் போதும். இதற்கு ரகசிய பட்டன் எதுவும் வேண்டாம், வீட்டில் இருப்பவர்களே பார்க்கலாம்.

சோனி காட்டும் பட்டியல்

நான் வேலை செய்ததில் மெக்கானிக்குக்கு மிகவும் உதவுவது சோனி பிராவியாதான். செட் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது ரிமோட்டில் டிஸ்பிளே, 5, வால்யூம் குறைக்கும் பட்டன், பவர் என்று வேகமாக அடுத்தடுத்து அழுத்தினால் செல்ஃப் டயக்னோசிஸ் திரை வரும். நிதானமாக அழுத்தினால் வராது, ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். வால்யூம் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டும் பட்டனை அழுத்தினால் வருவது சர்வீஸ் மோட், அதாவது செட்டின் உள் அமைப்பையே மாற்றும் மெனு. அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

அந்தத் திரையில் 002, 003 என்று வரிசையாக எரர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனை முறை வந்தது என்ற எண் நிற்கும். பெரும்பாலான எல்.இ.டி. மாடல்களில் 2 என்றால் மெயின் பவர். 3 என்றால் டி.சி. வோல்டேஜ் அல்லது ஆடியோ பக்கம். 4 என்றால் பேக்லைட்டை ஓட்டும் டிரைவர் பக்கம். 5 என்றால் டி-கான், பேனல் பக்கம். 6 பேக்லைட். 7 சூடு. 8 சாஃப்ட்வேர். விளக்கு மின்னும் எண்ணும் இதே எண்தான். சில பழைய எல்.சி.டி. மாடல்களில் 13, 14 முறைகூட மின்னும். அவற்றுக்குப் பட்டியல் வேறு. ஆகவே பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பட்டியலின் கீழே கோடு போட்டுப் பிரித்த மூன்று எண்கள் இருக்கும். முதலாவது செட் மொத்தம் ஓடிய மணி நேரம், இரண்டாவது எத்தனை முறை ஆன் ஆனது, மூன்றாவது பேனல் ஓடிய மணி நேரம். செகண்ட் ஹேண்ட் டிவி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் ஐந்து வருடத்தில் 14,600 மணி நேரம் ஆகும். "வீட்ல யாருமே பார்க்கிறதில்லை" என்று விற்கிறவர் சொல்லி, திரையில் 20,000 நின்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். மொத்த மணி நேரத்தைவிடப் பேனல் மணி நேரம் ரொம்பக் குறைவாக இருந்தால் இடையில் பேனல் மாற்றியிருக்கலாம்.

பழைய எரர் எண்ணிக்கை அழியாமல் அப்படியே கிடக்கும் என்பதால், இப்போது வந்த பழுது எது, போன வருடம் வந்தது எது என்று குழப்பம் வரும். முதலில் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 8, 0 அழுத்தினால் எரர் எண்ணிக்கை பூஜ்ஜியம் ஆகும். மறுபடி ஓட்டிப் பழுது வந்த பிறகு திரும்பப் பாருங்கள். இப்போது ஏறியிருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. வேலை முடிந்து செட்டைக் கொடுக்கும் முன்னும் இதே மாதிரி அழித்து, சில மணி நேரம் ஓட்டி, எல்லாம் பூஜ்ஜியமாகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் மூடியை முடுக்குவேன்.

மற்ற செட்டுகள்

பிலிப்ஸில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1 2 3 6 5 4 அழுத்தினால் கஸ்டமர் சர்வீஸ் மோட் வரும். மாடல், சாஃப்ட்வேர் வெர்ஷன், சேமித்து வைத்த எரர் எண்கள் எல்லாம் தெரியும். அங்கே எதையும் மாற்ற முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். எல்லாக் கம்பெனியும் இப்படி வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. பல மாடல்களில் விளக்கு 2 முறை மின்னினால் மதர்போர்டு பக்கம், 3 முறை என்றால் பவர் சப்ளை, டிஸ்பிளே பக்கம்.

சாம்சங்கில் பழைய ரிமோட் உள்ள மாடல்கள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது இன்ஃபோ, மெனு, மியூட், பவர் என்று அழுத்தினால் சர்வீஸ் மோட் வரும். இங்கேதான் எச்சரிக்கை. ஆப்ஷன் பகுதியில் டைப் என்ற வரி இருக்கும். அது செட்டில் எந்தப் பேனல் இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வரி. விளையாட்டாக அதை மாற்றினால் படம் தலைகீழாகலாம், நிறம் மாறலாம், திரை மொத்தமும் கறுப்பாகி மறுபடி உள்ளே போவதே கஷ்டமாகலாம். ஃபேக்டரி ரீசெட் என்ற வார்த்தையைப் பார்த்து "இதை அழுத்தினா எல்லாம் சரியாயிடும்" என்று நினைக்க வேண்டாம். வீட்டு மெனுவில் இருக்கும் ரீசெட்டும் இதுவும் ஒன்றில்லை.

எல்.ஜி.யில் இன்-ஸ்டார்ட், அட்ஜஸ்ட் என்ற பட்டன் உள்ள தனி சர்வீஸ் ரிமோட் வேண்டும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் 0413 அல்லது நான்கு பூஜ்ஜியம். உள்ளே யு.டி.டி. என்று இருப்பதுதான் ஓடிய மணி நேரம். சாதாரண ரிமோட்டிலேயே செட்டிங்ஸ் பட்டனை நீளமாக அழுத்தி 1105 போட்டால் இன்ஸ்டலேஷன் மெனு வரும் மாடல்களும் உண்டு. அதில் ஹோட்டல் மோட் ஆன் ஆகிவிட்டால் வால்யூம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, மெனுவில் பாதி பூட்டிக்கொள்ளும். லாட்ஜில் இருந்து வந்த பழைய செட் வாங்கியவர்கள் ஸ்பீக்கர் போச்சு என்று தூக்கி வருவார்கள். மெனுவில் ஒரு வரியை ஆஃப் செய்தால் வேலை முடிந்தது.

உள்ளூரில் அசெம்பிள் செய்யும் எல்.இ.டி. டிவிகளில் வி56, வி59 மாதிரி யுனிவர்சல் போர்டுதான் இருக்கும். மெனு பட்டனை அழுத்திவிட்டு 1147 அடித்தால் ஃபேக்டரி மெனு வரும். எரர் கோட் எல்லாம் இவற்றில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் படம் நெகடிவ் மாதிரி நிறம் மாறியோ, தலைகீழாகவோ வந்தால் பழுது பேனலில் இருக்க வாய்ப்புக் குறைவு. எல்.வி.டி.எஸ். (மதர்போர்டில் இருந்து பேனல் பக்கம் படத்தைக் கொண்டுபோகும் இணைப்பு) மேப், மிரர் என்ற வரிகளைப் பாருங்கள். புதுப் போர்டு போட்ட பிறகு வரும் கோளாறுகளில் நிறைய இங்கேயே தீரும்.

எந்த செட்டாக இருந்தாலும் ஒரே பழக்கம்தான்: உள்ளே போனதும் எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். வேலை கற்கும் தம்பிமார்களிடம் நான் கறாராக இருப்பது இந்த ஒன்றில்தான். போட்டோ இருந்தால் எந்த எண்ணையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

கோட் சொன்ன பக்கம் போய் அளப்பது

கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டு 43 இன்ச் செட். ஆன் செய்தால் இரண்டு விநாடி வெளிச்சம், அப்புறம் இருட்டு, அப்புறம் பேக்லைட் எரர். முன்பே ஒருவர் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிப் எல்லாம் போச்சு, பேனலைப் பிரிக்கணும்" என்று சொல்லியிருந்தார். ஸ்ட்ரிப் என்பது பேக்லைட் எல்.இ.டி.கள் வரிசையாக இருக்கும் பட்டை. அந்த அம்மா சொன்னது வேறு: "காலையில போட்டா வராது அண்ணாச்சி, மத்தியானம் வெயில் ஏறினப்புறம் சில நாள் வருது." எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஸ்ட்ரிப்பில் எல்.இ.டி. போயிருந்தால் பெரும்பாலும் வெயிலுக்குச் சரியாகாது. மூடியைத் திறந்ததும் பவர் போர்டில் இருந்து பேக்லைட்டுக்குப் போகும் கனெக்டரைத்தான் பார்த்தேன். பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. உப்புக் காற்று வேலை. காலை ஈரத்தில் அந்தப் பச்சை வழியாக மின்சாரம் கசிந்தது, டிரைவர் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு அணைத்தது. ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் பிரஷ் போட்டுத் துடைத்து, கனெக்டரை மாற்றி, ஹேர் டிரையரில் காய வைத்தேன். பேனலைப் பிரிக்கவே இல்லை. 43 இன்ச் பேனல் கண்ணாடியைத் தூக்கி வைப்பது எவ்வளவு பயமான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

பேக்லைட் எரர் வந்தால் நான் போகும் வரிசை இதுதான். முதலில் கண்ணால் கனெக்டர். பிறகு எல்.இ.டி. டெஸ்டரை அந்தக் கனெக்டரிலேயே கொடுத்துப் பார்ப்பது. ஸ்ட்ரிப்பில் எல்.இ.டி.கள் தொடராக இணைந்திருக்கும். ஒன்று ஓப்பன் ஆனால், அதாவது அதன் வழியே மின்சாரம் போகாவிட்டால், அந்த வரிசை முழுக்க அணையும். ஒவ்வொன்றும் 3 வோல்ட் அல்லது 6 வோல்ட். 6 வோல்ட் வகை மல்டிமீட்டரின் டயோடு ரேஞ்சில் எரியாது, அதை வைத்து "எல்.இ.டி. அவுட்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெஸ்டரில் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் எரிந்தால் ஸ்ட்ரிப் நல்லது, டிரைவர் பக்கம் போகலாம். ஒன்று இரண்டு போயிருந்தால் முழு செட் ஸ்ட்ரிப்பையும் மாற்றச் சொல்வேன், ஏனென்றால் மிச்சமும் அதே வயதுதான். மாற்றிய பிறகு மெனுவில் பேக்லைட் அளவைக் குறைத்து வையுங்கள். நூறில் ஓட்டும் செட்தான் சீக்கிரம் திரும்பி வருகிறது.

பவர் எரர் என்றால் மல்டிமீட்டர் வேலை. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 230 வோல்ட் ஏ.சி. பவர் போர்டில் டி.சி.யாக மாறும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 320 வோல்ட் நிற்கும். பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பகுதி) உள்ள போர்டில் 390 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். மீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கியதை உறுதி செய்யாமல் போர்டில் கை வைக்காதீர்கள். வீட்டில் ஆர்வத்தில் செய்கிறவர்கள் மூடியைத் திறக்கும் இந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது. எரர் கோடைப் படிப்பது வரை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மெக்கானிக்குகள் சீரிஸ் பல்ப் போர்டில், அதாவது செட்டுக்குத் தொடராக ஒரு பல்ப் வரும்படி, போட்டு ஆன் செய்யுங்கள். 100 வாட் குண்டு பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் பரவாயில்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் பவர் போர்டின் முன்பகுதி ஷார்ட். ஸ்டாண்ட்பை வோல்டேஜ் இருக்கிறதா, பவர் ஆன் சிக்னல் மதர்போர்டில் இருந்து வருகிறதா, வந்ததும் 12 வோல்ட் எழும்புகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். சிக்னல் வந்தும் 12 எழும்பவில்லை அல்லது எழும்பி விழுகிறது என்றால், மதர்போர்டில் இருந்து டி-கானுக்குப் போகும் எல்.வி.டி.எஸ். கேபிளை, பிளக் பிடுங்கிய நிலையில் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது 12 நின்றால் ஷார்ட் டி-கான் அல்லது பேனல் பக்கம். கோட் "பவர்" என்று சொன்னாலும் குற்றவாளி பேனலாக இருப்பது இப்படித்தான் தெரியவரும். கேபிள் கழற்றியும் விழுந்தால் 12 வோல்ட் வழியில் உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் வந்தால் பட்டியலைத் துரத்த வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த செட்டுகள் இப்படித்தான் நடந்துகொண்டன. காலையில் பவர், மதியம் டி-கான், சாயங்காலம் சூடு. எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் போர்டில் படிந்த சேறும் ஈரமும்தான். தண்ணீர் பட்ட செட்டை ஆன் செய்து பார்க்கவே கூடாது. கழுவி, முழுக்கக் காய வைத்த பிறகே மின்சாரம். தண்ணீர் படாத செட்டில் கோட் மாறி மாறி வந்தால் வோல்டேஜ் ஆடுகிறதா, எங்காவது டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள். பல்லி செத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

லோகோவில் நின்றுவிடும் ஸ்மார்ட் டிவி தனி வகை. பெரும்பாலும் கோட் வராது, விளக்கும் மின்னாது. சரியான மாடலுக்குரிய சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டு ஏற்றிப் பார்க்கலாம். அதுவும் ஏறாவிட்டால் சாஃப்ட்வேர் பதிந்திருக்கும் இ.எம்.எம்.சி. மெமரி சிப் சந்தேகம். போர்டில் செட்டின் செய்திகள் வெளிவரும் யு.ஏ.ஆர்.டி. புள்ளிகளில் 3.3 வோல்ட் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் மாட்டி, பெரும்பாலும் 115200 வேகத்தில், லேப்டாப்பில் லாக் (செட் ஆன் ஆகும்போது வரிவரியாக அனுப்பும் பதிவு) பார்த்தால் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும். 5 வோல்ட் கன்வெர்ட்டரை மாட்டிவிடாதீர்கள். இந்தக் கன்வெர்ட்டர் சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. லாக் படிக்கப் பழகிவிட்டால் நல்ல மதர்போர்டை வீணாக மாற்றும் வேலை பாதியாகக் குறையும்.

செட்டைத் தூக்கிக்கொண்டு வரும் முன் மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் அனுப்புங்கள். பின்பக்க ஸ்டிக்கரின் தெளிவான போட்டோ. பிளக் போட்டதில் இருந்து ஒரு நிமிடம், சிவப்பு விளக்கும் திரையும் சேர்ந்து தெரியும்படி, சத்தத்தோடு ஒரு வீடியோ. பழுது வருவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பது: பவர் கட், இடி, இடம் மாற்றியது, துடைத்தது, எதுவானாலும். சரியான மெக்கானிக் என்றால் இதைப் பார்த்துவிட்டு எந்தப் போர்டைக் கையில் எடுத்து வர வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். பார்க்காமலே "பேனல் போச்சு" என்று சொன்னால் வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.